வாயோர வெடிப்புப் புண்: காரணம் கண்டுபிடித்து ஆற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வாயின் ஓரத்தில் தோல் வெந்தாற்போல் சிவந்து, நடுவே கீறல் விட்டு, கொட்டாவி விட்டால் ரத்தம் கசிகிற புண்ணைப் பற்றியது இந்த வழிகாட்டி. உதட்டுக்கு உள்ளே, கன்னத்தில், நாக்கில் வரும் வெள்ளைக் குழிப்புண் வேறு. அதற்கும் இதற்கும் மருந்து ஒன்றல்ல.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இந்தப் புண்ணோடு வருகிறவர்கள் பெரும்பாலும் "பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டை" என்றுதான் கேட்பார்கள். பாதிப் பேர் அடுத்த வாரமும் அதே புண்ணோடு திரும்பி வருவார்கள். மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. இந்தப் புண் ஆற நாலைந்து வேலைகளை ஒரு வரிசையில் செய்ய வேண்டும், அதில் மாத்திரை கடைசிப் பக்கம் வருவது. முதலில் வருவது ஈரத்தை நிறுத்துவது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல வெளிச்சம், ஒரு கைக்கண்ணாடி, போனில் டார்ச். துவைத்த மெல்லிய பருத்தித் துணி நான்கைந்து துண்டு. பழைய வேட்டியோ, நூல் புடவையோ கிழித்தது போதும். வாசனையோ நிறமோ சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி ஒரு டப்பா. பூஞ்சையைக் கொல்லும் கிளோட்ரிமசோல் 1% கிரீம் சின்ன டியூப் ஒன்று.

கிரீம் வாங்கும்போது அட்டையைத் திருப்பி, உள்ளே என்னென்ன மருந்து இருக்கிறது என்று படியுங்கள். கிளோட்ரிமசோல் என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். அதோடு பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது, வேண்டாம். காரணத்தை 5-ஆம் படியில் சொல்கிறேன்.

இன்னொன்று, முதல் நாளே புண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினம் கண்ணாடியில் பார்க்கிறவருக்கு ஆறுகிறதா, பரவுகிறதா என்று பிடிபடாது. நான்கு நாள் கழித்து இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது.

2. இது அந்தப் புண்தானா என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தப்பான புண்ணுக்குச் சரியான மருந்தைப் பூசி என்ன பயன்?

கண்ணாடி முன் வாயை மூடிக்கொண்டு ஓரங்களைப் பாருங்கள். பிறகு விரலால் தோலை லேசாக வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். நாம் பேசுகிற புண் சரியாக மேலுதடும் கீழுதடும் சேருகிற மடிப்பில் இருக்கும். சுற்றிலும் முக்கோணமாகச் சிவந்திருக்கும், மடிப்புக்குள் தோல் தண்ணீரில் ஊறியது போல வெளுத்திருக்கும், நடுவில் ஒன்றோ இரண்டோ கீறல். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் என்றால், அந்தப் பக்கத்தில் ஒரு கூரான பல்லோ, பல் கம்பியோ, அந்தப் பக்கமாகவே புகையிலை அடக்கும் பழக்கமோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வந்து, வருவதற்கு முந்தின நாளே அந்த இடம் குறுகுறுவென்று எரிந்திருந்தால், அது ஹெர்பிஸ் வைரஸ் புண். காய்ச்சலுக்குப் பிறகும், வெயிலில் அதிகம் அலைந்த பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். நம் பக்கத்தில் இதை அக்கி என்று சொல்லிச் செங்காவி பூசிவிடுவார்கள். பூசினாலும் பூசாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் அது தானே வற்றிவிடும் என்பதால் காவிக்குப் பெயர் வந்துவிடுகிறது. பூஞ்சை கிரீம் இதற்கு வேலை செய்யாது. மருத்துவர் வைரஸ் மருந்து எழுதினால், அதைக் குறுகுறுப்பு தொடங்கிய ஓரிரு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பலன் தெரியும்.

தேன் காய்ந்தாற்போல மஞ்சள் பொருக்கு கட்டி, வாயோரத்தில் தொடங்கி மூக்குக்குக் கீழும் தாடைக்கும் பரவினால் அது பாக்டீரியா தொற்று. குழந்தைகளிடம்தான் அதிகம். வேகமாகத் தொற்றும் என்பதால் அவர்கள் துண்டையும் தலையணை உறையையும் தனியாக வைத்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு. விளிம்பு கெட்டியாக, தொட்டால் கட்டி போல இருந்து, ஒரே பக்கத்தில், மூன்று வாரமாகியும் ஆறாமல் நிற்கிற புண். புகையிலை, பாக்கு, குட்கா பழக்கம் உள்ளவர்கள் இதை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. அவர்கள் இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். நடு மூன்று விரல்களைச் சேர்த்து, செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். விரல்கள் நுழையவில்லை, காரம் பட்டால் வாய் முழுக்க எரிகிறது என்றால், பாக்கினால் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் பிடித்து வாய் சுருங்கிக்கொண்டிருக்கலாம். அப்படிச் சுருங்கிய வாயைச் சோற்றுக்குத் திறக்கும்போது ஓரம் கிழிபடும். அங்கே எந்தக் கிரீமும் நிலைத்த பலன் தராது. பல் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

3. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் முக்கியமான படி இதுதான்.

வாயோரம் என்பது ஒரு மடிப்பு. அதில் எச்சில் தேங்கினால் தோல் ஊறும், காற்றுப் பட்டுக் காயும், மறுபடி ஊறும். இப்படி ஊறிக் காய்ந்த தோல், பெரிய கவளத்துக்கு வாயைத் திறக்கும்போது கீறல் விடுகிறது. கேண்டிடா என்ற பூஞ்சை ஆரோக்கியமானவர்கள் பலரின் வாயிலும் சும்மா குடியிருப்பதுதான். மூக்கிலும் தோலிலும் இருக்கிற ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் அப்படியே. கீறல் விட்டதும் இரண்டும் அதில் ஏறிக்கொள்கின்றன. எரிச்சலுக்கு இதமாக இருக்கட்டும் என்று நாக்கால் தடவுவோம். தடவினால் மறுபடி ஈரம். மருந்து பூஞ்சையைக் கொன்றாலும் ஈரம் நிற்காவிட்டால் புண் திரும்ப வரும்.

ஈரத்தின் மூலத்தைப் பிடிக்க ஒரு நாள் முழுக்க உங்களையே கவனியுங்கள். காலையில் எழுந்ததும் தலையணையைப் பாருங்கள். எச்சில் கறை இருந்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்கள். மூக்கடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் உதட்டை நக்குகிறீர்களா என்பதை நீங்கள் சொல்வதைவிட வீட்டில் இருப்பவர்கள் சரியாகச் சொல்வார்கள். மார்கழி, தை மாதங்களில் காலைப் பனிக்காற்றில் உதடு காய்ந்து, அதை நக்கி நக்கியே வாயைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் போட்டுக்கொண்டு வரும் பள்ளிப் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். உதடு காய்ந்தால் நக்கத் தோன்றும். எனவே நக்காதே என்று அதட்டுவதற்கு முன் உதட்டில் ஜெல்லி தடவி விடுங்கள்.

வயதானவர்களிடம் காரணம் பல். பல் போன பிறகு தாடை எலும்பு வருடத்துக்கு வருடம் கரைகிறது. மூக்குக்கும் தாடைக்கும் நடுவே உயரம் குறைந்து, வாயோரத்தில் ஆழமாக ஒரு மடிப்பு விழுகிறது. எச்சில் தானாகவே அதில் வந்து நிற்கும். பல்செட் தேய்ந்து போனாலும் இதே கதைதான். வாயை மூடச் சொல்லி அந்த மடிப்பில் ஒரு துணி நுனியை வைத்து எடுத்தால் நனைந்து வரும். இவர்களுக்கு 6-ஆம் படி கட்டாயம்.

முகக்கவசத்தை நாள் முழுக்கப் போட்டு வேலை பார்க்கிறவர்கள், பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறவர்கள், விரல் சூப்பும் குழந்தைகள், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வாய் இறங்கியவர்கள் எல்லோருக்கும் ஈரம்தான் தொடக்கம். பக்கவாதக்காரரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், இறங்கிய பக்கத்தை மணிக்கொரு முறை துணியால் ஒற்றி விட்டாலே பாதி வேலை முடிந்தது.

4. உறுத்துகிற பொருளை விலக்குங்கள்

மருந்து பூச ஆரம்பிக்கும் நாளிலேயே இதையும் செய்யுங்கள். புண்ணை உறுத்துவது ஒரு பக்கம் தொடர்ந்துகொண்டிருந்தால், மருந்து பலிக்கிறதா இல்லையா என்றே கணக்குத் தெரியாது.

பல் துலக்கும் பேஸ்ட்டில் உள்ள புதினா, லவங்கப்பட்டை வாசனைப் பொருட்களும், நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் சிலருக்கு வாயோரத்தை எரிய வைக்கும். இரண்டு வாரம் வாசனை குறைவான, நுரை குறைவான பேஸ்ட்டுக்கு மாறுங்கள். துலக்கி முடித்ததும் ஓரத்தில் நுரை நிற்காமல் தண்ணீரால் கழுவுங்கள். புது லிப்ஸ்டிக், புது லிப் பாம் வாங்கிய பிறகு புண் வந்திருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள்.

பண்ருட்டிப் பக்கத்தில் இருந்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது முந்திரி பற்றித்தான். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கும். கொட்டை உடைத்த விரலால் வாயைத் துடைத்தாலோ, பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்தாலோ உதட்டோரம் கறுத்து, வெந்து, உரியும். மாங்காய்க் காம்பில் இருந்து வடிகிற பாலும் அதே வேலையைச் செய்யும். மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கோடையில் புண் வந்தால் இதை நினைத்துப் பாருங்கள். இதற்கு நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஜெல்லி தடவினால் போதும், பூஞ்சை மருந்து தேவைப்படாது. மாம்பழத்தைத் தோலோடு கடிக்காமல், காம்பு வெட்டிப் பாலை வடியவிட்டு, கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள்.

பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஆறும் வரை சோற்றைச் சின்னக் கவளமாகச் சாப்பிடுங்கள், ஆப்பிள், கொய்யாவை வெட்டிச் சாப்பிடுங்கள். வாயை அகலத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கீறல் மறுபடி பிளக்கிறது.

5. பூசும் வரிசை

சரி, இப்போது மருந்துக்கு வருவோம். மருந்து என்னவோ எளிதுதான், தப்பு நடப்பது பூசும் விதத்தில்.

முதலில் கையைக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஓரத்தைத் துடைத்துப் பொருக்கை ஊறவிடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஐந்து நிமிடம் காற்றில் காயட்டும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தின் மேல் பூசிய கிரீம் தோலில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வாய்க்குள் போய்விடும்.

காய்ந்ததும் கிளோட்ரிமசோல் கிரீமை அரிசி அளவு விரல் நுனியில் எடுத்து, மடிப்புக்குள்ளும் சுற்றியுள்ள சிவப்பின் மேலும் மெல்லிதாகத் தடவுங்கள். அப்பி வைக்க வேண்டாம், வெள்ளையாகத் தெரிகிற அளவுக்குப் பூசுவது வீண். ஒரு பத்து, பதினைந்து நிமிடம் கழித்து அதற்கு மேல் பெட்ரோலியம் ஜெல்லி. ஜெல்லி எச்சிலைத் தோலில் படவிடாமல் தடுக்கும், அதுதான் அதன் வேலை. வரிசையை மாற்றி, ஜெல்லி முதலிலும் கிரீம் பிறகும் போட்டால் மருந்து தோலுக்கே போய்ச் சேராது.

காலை உணவுக்குப் பின், இரவு படுக்கும் முன் என்று தினம் இரண்டு முறை கிரீம் போடுங்கள். மருத்துவர் மூன்று முறை சொன்னால் மூன்று முறை. ஜெல்லியை மட்டும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் புதிதாகத் தடவிக்கொள்ளுங்கள். குழம்பின் புளியும் உப்பும் கீறலில் நேராகப் படாது. ஜெல்லி இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆனால் அது சீக்கிரம் கரைந்துவிடும், அடிக்கடி தடவ வேண்டும்.

மூன்று நான்கு நாளில் எரிச்சல் குறையும். ஒரு வாரத்தில் கீறல் மூடும். அங்கேதான் அடுத்த தப்பு: மூடியதும் டியூபை அலமாரிக்குள் போட்டுவிடுகிறார்கள். மேலே தோல் மூடினாலும் பூஞ்சை மடிப்பில் மிச்சம் இருக்கும். ஆறியது போலத் தெரிந்த பிறகும் இன்னும் ஒரு வாரம் தொடர்ந்து பூசுங்கள்.

ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அதைப் பூசினால் இரண்டே நாளில் சிவப்பு மாயமாக மறையும். அதனால்தான் ஒருவர் சொல்லி இன்னொருவர் வாங்குகிறார்கள். ஆனால் வீரியமான ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துவிட்டுப் பூஞ்சையை உள்ளே வளரவிடும். தொடர்ந்து பூசினால் தோல் காகிதம் போல மெலிந்து, முன்பைவிடச் சுலபமாகக் கிழியும், வாயைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்களும் கிளம்பும். பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, வீரியம் குறைந்த ஹைட்ரோகார்டிசோன் சேர்ந்ததைச் சில நாளுக்கு எழுதித் தந்தால் அது வேறு விஷயம், அவர் சொன்ன நாள் வரை பூசுங்கள்.

மஞ்சள் பொருக்கோ சீழோ இருந்தால் பாக்டீரியாவுக்கான ஃபியூசிடிக் அமிலமோ மியூபிரோசினோ தேவைப்படும். இவை மருத்துவர் எழுத வேண்டியவை. வீட்டில் மிச்சமிருக்கிற பழைய டியூபை எடுத்துப் பூசாதீர்கள்.

உப்பு, எலுமிச்சை, சுண்ணாம்பு, பற்பசை, டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். "எரிந்தால்தான் கிருமி சாகும்" என்று பாட்டிமார் சொல்வதை அன்போடு தள்ளி வையுங்கள். எரிகிற ஒவ்வொரு முறையும் புதிதாக வளர்கிற தோல் பொசுங்குகிறது. மணத்தக்காளிக் கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. அதை நம்பிக் கிரீமை நிறுத்தாதீர்கள். தேன் தடவுகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், ஒரு வயது ஆகாத குழந்தையின் வாயருகே தேன் போகவே கூடாது.

6. பல்செட்டும் வாயின் உள்பக்கமும்

பல்செட் போட்டிருக்கிறவருக்கு ஓரத்தில் மட்டும் மருந்து பூசுவது பாதி வைத்தியம். பூஞ்சையின் வீடு மேல் பல்செட்டின் உள்பக்கம். செட்டைக் கழற்றிவிட்டு மேலண்ணத்தைப் பாருங்கள். செட்டின் அச்சு போலவே, அதே வடிவத்தில் சிவந்திருந்தால் அங்கே பூஞ்சை இருக்கிறது. வலி இருக்காது என்பதால் பலருக்குத் தெரியவே தெரியாது.

ஒரு அம்மா கடைக்கு வந்தார். இரண்டு ஓரமும் வெடித்திருந்தது. மாதக்கணக்கில் கிரீம் மாற்றி மாற்றிப் பூசியும் பலனில்லை என்றார். இரவில் செட்டைக் கழற்றுவீர்களா அம்மா என்றதும், "கழட்டினா மருமக முன்னாடி எப்படிப் பேசறது" என்று தலையைக் குனிந்துகொண்டார். தூங்கும்போதும் அதே செட். பல் மருத்துவரைப் பார்த்து, உள்பக்கம் பூச மருந்து வாங்கி, இரவில் கழற்றி வைக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு ஓரம் ஆறியது. கூச்சத்தால் கழற்றாமல் இருப்பவர்கள் நிறைய. வீட்டில் இருக்கிறவர்கள் இதைச் சகஜமாக எடுத்துக்கொண்டால் பெரியவர்களுக்கு எவ்வளவோ நிம்மதி.

செய்ய வேண்டியது இது. இரவில் செட்டைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவுங்கள். வாளியிலோ கிண்ணத்திலோ தண்ணீர் பிடித்து அதன் மேல் வைத்துக் கழுவினால் கை தவறினாலும் உடையாது. பிறகு மூடி போட்ட டப்பாவில் சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். காற்றில் காயவிட்டால் செட் வளையும், கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் வளையும். வளைந்த செட் அண்ணத்தை உரசும். பிளீச்சிங் கரைசலில் போடுகிறவர்கள் உண்டு, கம்பி உள்ள செட்டுக்கு அது ஆகாது, உலோகம் அரித்துவிடும். அண்ணத்தையும் ஈறையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படுங்கள்.

அண்ணம் சிவந்திருந்தால் கிளோட்ரிமசோல் வாய் பெயின்ட்டோ நிஸ்டாட்டினோ மருத்துவர் தருவார். மைக்கனசோல் வாய் ஜெல் எழுதினால், வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு.

செட் தளர்ந்து ஆடுகிறது, தேய்ந்து போய்விட்டது என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்பக்கம் புதிதாக அடுக்குப் போட்டு இறுக்கலாம், அல்லது பல்லின் உயரத்தைக் கூட்டிப் புது செட் கட்டலாம். உயரம் கூடினால் ஓரத்து மடிப்பு விரியும், எச்சில் தேங்குவது நிற்கும். புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கிறவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலைநகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது பழைய செட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பல்செட் இல்லாதவருக்கும் வாய்க்குள் பூஞ்சை இருக்கலாம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறவர்கள், இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் முடித்த கையோடும் இந்தப் புண் வருவது உண்டு.

7. மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை

இப்போது பி காம்ப்ளெக்ஸுக்கு வருவோம். ரைபோஃபிளேவின் என்கிற பி2, பி6, பி12, ஃபோலிக் அமிலம், இரும்பு, துத்தநாகம் இவற்றில் எது குறைந்தாலும் வாயோரம் வெடிக்கலாம். ஊருக்குள் பரவியிருக்கிற நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், குறைவது இரும்பாக இருக்கும்போது பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டுப் பலனில்லை. சாதாரண பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகள் பலவற்றில் இரும்பு இருக்காது.

உடம்பு சில தடயங்களைக் காட்டும். நாக்கு சொரசொரப்புப் போய் வழவழவென்று சிவந்திருக்கிறதா? கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கிறதா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா? இதெல்லாம் ரத்தசோகைப் பக்கம் காட்டும். கை கால் மரத்துப் போகிறது என்றால் பி12-ஐச் சந்தேகிக்க வேண்டும். முட்டை, மீன், பால் எதுவும் தொடாதவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையும்.

எனவே புண் திரும்பத் திரும்ப வந்தால் மாத்திரை வாங்குவதற்கு முன் லேபுக்குப் போங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை இரண்டும் கட்டாயம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழேயும், கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழேயும், ஆண்களுக்கு 13-க்குக் கீழேயும் போனால் ரத்தசோகை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாக இருக்கலாம், மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். சர்க்கரை கூடியவருக்கு எச்சிலிலும் சர்க்கரை கூடும், பூஞ்சைக்கு அது விருந்து. வாயோரப் புண்ணுக்காகப் பார்க்கப் போய்ச் சர்க்கரை நோய் தெரிய வருவது புதிதில்லை. பி12, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பரிசோதனைகளை மருத்துவர் சொன்னால் எடுங்கள். வரிசை முக்கியம்: பி காம்ப்ளெக்ஸை ஒரு மாதம் விழுங்கிவிட்டுப் பி12 அளவு பார்த்தால் உண்மை நிலை தெரியாது.

இரும்பு மாத்திரை தந்தால் டீ, காபியோடு விழுங்காதீர்கள், இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான அளவைத் தொட்ட பிறகும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள், உடம்பின் சேமிப்பு நிரம்ப வேண்டும் என்பதற்காக. பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவது ரைபோஃபிளேவினின் நிறம், மஞ்சள் காமாலை இல்லை.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவையில்லை. ரைபோஃபிளேவின் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போதும். பால், தயிர், முட்டை, ஈரல், கீரையில் கிடைக்கும். அது வெளிச்சத்தில் கெடும், எனவே பாலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். தண்ணீரில் கரையும், எனவே கீரையை வேக வைத்த தண்ணீரைக் கொட்டாமல் சாம்பாரில் சேருங்கள். நம் கரையில் மலிவாகக் கிடைக்கிற மத்தியும் கானாங்கெளுத்தியும் பி12-க்கு அருமையானவை. கடலூர் முதுநகரில் மத்தி வந்து குவிகிற நாட்களில் வாங்கிக் குழம்பு வையுங்கள். மீன் சாப்பிடாதவர்கள் பால், தயிரைக் கூட்டுங்கள், பி12 குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டுத்தான் ஆக வேண்டும்.

8. குழந்தைகளுக்கு

ஜெல்லியும் துணியும் போதுமா என்று முதலில் இரண்டு நாள் பாருங்கள், நிறைய நேரம் போதும். பால் புட்டி, சூப்பான் இருந்தால் தினம் கொதிக்க வைத்துக் கழுவுங்கள். கிரீமைக் குழந்தை நக்கிவிடும் என்பதால் தூங்கிய பிறகு பூசுவதுதான் சுலபம், ஆனால் கைக்குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எதுவும் பூசாதீர்கள். வாய்க்குள் வெள்ளையாகப் படிந்து, துடைத்தாலும் போகவில்லை என்றால் வாய்க்குள்ளும் மருந்து வேண்டும். விடாமல் எச்சில் வடிந்து, காய்ச்சலும் இருந்தால் அன்றே காட்டுங்கள்.

9. எப்போது, எங்கே, என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்

மேலே சொன்ன வரிசையில் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், முகம் வீக்கம், சீழ் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே அவர்களின் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், புதுச்சேரியில் ஜிப்மரிலும், இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிடுங்கள், புறநோயாளிப் பிரிவில் சீட்டுத் தருவது காலை நேரத்தில்தான்.

போகிற அன்று காலையில் கிரீமும் ஜெல்லியும் பூசாமல் போங்கள். மருத்துவர் புண்ணை உள்ளபடி பார்க்க வேண்டும், பஞ்சுக்குச்சியால் தொட்டுச் சோதனைக்கு அனுப்பவும் நேரலாம். மருந்து பூசியிருந்தால் பூஞ்சை அதில் தெரியாமல் போகும். முதல் நாள் எடுத்த போட்டோ, பூசிய எல்லா டியூபும் (காலியானதும் சேர்த்து), தினம் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தந்த கிரீமைப் பூசியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்பதை வைத்துத்தான் அடுத்த மருந்தை அவர் முடிவு செய்வார்.